அப்பா இல்ல, தாரை வார்க்க அம்மா தான் நிக்கணும்னு ஆசை. எப்படி சமாளிச்சீங்க?

திருச்சிக்காரி:
எனக்கு வர்ற தை மாசம் கல்யாணம். மண்டபம் புக் பண்ணியாச்சு, சமையல்காரருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, அதெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல. நான் ஒன்பதாவது படிக்கிறப்பவே அப்பா தவறிட்டாங்க, அம்மா தான் தையல் மெஷின் மிதிச்சு என்னையும் தம்பியையும் ஆளாக்குனாங்க. இப்ப என்னடான்னா தாரை வார்க்க பெரியப்பாவும் பெரியம்மாவும் ஜோடியா நிக்கட்டும், அம்மா கீழ முதல் வரிசையில உக்காரட்டும்னு அவங்களா பேசி முடிச்சுட்டாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பத்திரிகையிலயும் அழைக்கிறவங்க பேரு பெரியப்பா தான். மாப்பிள்ளை வீட்லயும் இதே கதை, அவரோட அக்கா டைவர்ஸ் ஆனவங்க, அதனால நாத்தனார் முடிச்சு அவங்க போடக்கூடாதாம், சித்தப்பா பொண்ணு போடட்டுமாம். அவருக்கும் எனக்கும் இதுல துளி இஷ்டம் இல்ல. ஆனா சொந்தக்காரங்கள கூட சமாளிச்சிடலாம் போல, அம்மாவே "நான் நின்னு நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா ஊரு என்னைய தான்டி சொல்லும்"னு அழுவுறாங்க. என்ன பண்றது?

மதுரை மச்சான்:
சிஸ்டர், முதல்ல ஐயர்கிட்ட போய் பேசுங்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இல்ல, இப்பவே. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்க பாத்த முதல் ஆளு முடியாதுன்னுட்டாரு, ரெண்டாவது ஆளு "பெத்தவ குடுக்காம வேற யாருப்பா குடுக்கிறது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. அம்மாவும் என் அண்ணனும் சேந்து நின்னு தாரை வார்த்தாங்க. மேடையில ஐயரே "அம்மாவ கூப்புடுங்க"ன்னு சொன்னா அதுக்கு மேல எந்த பெரியப்பாவும் பேச மாட்டாரு, இது அனுபவம்.

கொங்குத்தமிழன்:
நான் சொல்றது உங்களுக்கு புடிக்காம போகலாமுங்க. பெரியப்பாவ வில்லனாக்காதீங்க, அப்பா இல்லாத வீட்டுக்கு அவருதான் இத்தனை நாளும் நல்லது கெட்டதுக்கு வந்து நின்னிருப்பாரு. அவருக்கும் ஒரு மரியாதைய குடுத்துட்டு கேளுங்க. பத்திரிகையில அம்மா பேரு அழைக்கிற இடத்துல, பெரியப்பா பேரு அதுக்கு கீழ, ரெண்டும் வரலாமுங்க. எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு, உங்கம்மா அழுவுறத மீறி மேடைக்கு இழுத்தா அது உங்க ஆசை ஆயிடுமே தவிர அவங்க ஆசை ஆவாது.

சட்டம் படிச்சவ:
மேல சொன்னதுல கடைசி வரிய நான் ஒத்துக்க மாட்டேன், ஊரு சொல்லிக் குடுத்த பயத்த அவங்க ஆசைன்னு எடுத்துக்க முடியாது. ஐயர் யாரும் ஒத்துக்கலன்னா சுயமரியாதை திருமணம் இருக்கு. 1967ல அண்ணா முதல்வரா இருந்தப்போ இந்து திருமண சட்டத்துல 7ஏ பிரிவு கொண்டு வந்தாங்க, சொந்தக்காரங்க, நண்பர்கள் முன்னாடி ரெண்டு பேரும் புரியிற மொழியில ஏத்துக்கிறோம்னு சொன்னாலும் சரி, மாலை மாத்தினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, செல்லும், புரோகிதர் கட்டாயம் இல்ல. தாலிய அம்மா கையால எடுத்து குடுக்கச் சொல்லுங்க. எந்த முறையில பண்ணாலும் 90 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க, தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா மதத்துக்கும் கட்டாயம். தள்ளிப்போனா 150 நாள் வரைக்கும் கூடுதல் கட்டணம் கட்டி பண்ணலாம்.

நாத்தனார் முடிச்சு பத்தி சொல்லணும்னா, என் ஃப்ரெண்ட் கல்யாணத்துல மாப்பிள்ளையோட தங்கச்சி திருநங்கை, அவங்க தான் முடிச்சு போட்டாங்க. கை நடுங்கி முடிச்சு விழவே இல்ல, மேளக்காரர் கெட்டிமேளத்த நிறுத்தாம அடிச்சுகிட்டே இருந்தாரு பாவம். அப்புறம் 2019ல மதுரை ஹைகோர்ட் கிளை, இந்து திருமண சட்டத்துல மணமகள்ங்கிற வார்த்தை திருநங்கையையும் சேத்ததுதான்னு தீர்ப்பே குடுத்திருக்கு, அவங்க கல்யாணத்தயே கோர்ட் ஏத்துக்குது, நம்ம ஆளுங்க டைவர்ஸ் ஆன அக்கா மூணாவது முடிச்சு போடலாமான்னு பஞ்சாயத்து வைக்கிறாங்க.

மீனாக்கா:
நான் புருஷன இழந்து பதினோரு வருசம் ஆச்சு. மேடைய விடும்மா, வாசல்ல கவனி. சந்தனம் குங்குமம் தட்ட வச்சுகிட்டு நிக்கிற சின்னப் பிள்ளைங்க என் நெத்திய பாத்துட்டு தட்ட பின்னாடி இழுக்குங்க, பன்னீர் மட்டும் தெளிச்சு கல்கண்டு குடுக்கும். அதுங்க மேல தப்பில்ல, யாரோ சொல்லி வச்சிருப்பாங்க. யாரா இருந்தாலும் தட்ட நீட்டு, எடுத்துக்கிறதும் வேணாங்கிறதும் அவங்க இஷ்டம்னு முன்னாடியே சொல்லி வை. தேங்காய் மேல தாலிய வச்சு ஆசீர்வாதத்துக்கு கொண்டு வர்றவங்களுக்கும் சொல்லு, வரிசையில ஆள தாண்டி போகக்கூடாதுன்னு. அம்மாகிட்ட நீ பேசாத, அவங்கள மாதிரி தனியா வளத்த இன்னொருத்திய பேச விடு.

திருச்சிக்காரி:
மீனாக்கா சொன்னபடி எங்க தெரு டீச்சரம்மாவ வீட்டுக்கு கூப்பிட்டேன், அவங்களும் தனியா ரெண்டு பொண்ண கட்டிக் குடுத்தவங்க. அடுப்படியில கதவ சாத்திட்டு ரெண்டு மணி நேரம் பேசுனாங்க, என்ன பேசுனாங்கன்னு தெரியாது. அம்மா இன்னும் சரின்னு சொல்லல. ஆனா "பெரியப்பாவும் பக்கத்துல நின்னா நிக்கிறேன்"ங்கிற வரைக்கும் வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு போறோம், ஐயரையும் பாத்துட்டு வந்து சொல்றேன். பத்திரிகைய இன்னும் பிரிண்டுக்கு குடுக்கல.