மறு: அணையில் வெள்ளத்துக்காக விடும் காலி இடத்துக்கு என்ன பெயர்?

> ‘ஃப்ளட் குஷன்’ என்பதற்கு ‘வெள்ள ஒதுக்கீடு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா,

‘வெள்ள ஒதுக்கீடு’ என்றதும் எனக்கு நிவாரணத் தொகைதான் நினைவுக்கு வந்தது. முந்தைய மடலில் வந்த ‘வெள்ளக் கையிருப்பு’ அதைவிடச் சிக்கல். கையிருப்பு என்றால் உள்ளே ஏதோ இருக்க வேண்டும். நாம் பேசுவதோ தண்ணீர் இல்லாத இடம். அதில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலையே.

பவானிசாகரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ஆனாலும் அக்டோபர் முடியும்வரை 102 அடியைத் தாண்ட விடுவதில்லை. மேற்கொண்டு வருவதை உபரியாக ஆற்றில் திறந்துவிடுவார்கள். நவம்பர் பிறந்தால்தான் 105. இடைப்பட்ட அந்த 3 அடிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். உச்சியில் நீர்ப்பரப்பு அகலம் என்பதால் 3 அடி சின்ன அளவும் அல்ல. கடைமடைக்காரர் அதைக் கைவிட்டுப் போன தண்ணீர் என்பார். ஆற்றோரம் வீடு வைத்திருப்பவர் அப்படிச் சொல்லமாட்டார்.

என் பரிந்துரை ‘வெள்ளக்கொள்ளிடம்’. கொள்ளளவு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதே ‘கொள்’தான் இங்கேயும். முக்கொம்பில் காவிரி பிரியும்போது, மிகுந்து வரும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆற்றுக்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

> ஆற்றுப் பெயரோடு குழம்பாதா?

தனியே ‘கொள்ளிடம்’ என்று எழுதினால் கட்டாயம் குழம்பும். ‘கொள்ளிடம் நிரம்பியது’ என்று செய்தி வந்தால் சிதம்பரத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். அதனால் முன்னால் உள்ள ‘வெள்ள’த்தை எப்போதும் விடக்கூடாது, சேர்த்தே எழுத வேண்டும்.

ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் வழியே ஓடும் தாமோதர் ஆற்றைப் பற்றிய உங்கள் கட்டுரையில் வைத்துப் பார்த்தேன். 1943 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே 8 அணைகளுக்குத் திட்டம் போட்டு, தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் கட்டியது 4 தானே? அந்தப் பத்தி இப்படி வரும்: “மைத்தான், பஞ்செட் அணைகளில் மேல்மட்டம் வரை நிலம் எடுக்காததால், திட்டமிட்ட வெள்ளக்கொள்ளிடம் முழுமையாகக் கிடைக்கவில்லை.” எனக்கு இடறவில்லை. ‘வெள்ள ஒதுக்கீடு’ போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அப்புறம், ‘ரூல் கர்வ்’. எந்தத் தேதியில் எந்த மட்டம் வரை தேக்கலாம் என்று வரையும் கோடு. முல்லைப் பெரியாறு செய்திகளில் அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். ‘விதி வளைவு’ வேண்டாம், தலைவிதி மாதிரி இருக்கிறது. ‘தேக்க வரம்பு’ எனலாமா? வெள்ளத்துக்கு மேல்வரம்பு, பாசனத்துக்குக் கீழ்வரம்பு என்று பிரிக்கவும் வசதி. வயலில் தண்ணீரைக் கட்டி வைக்கும் வரப்பும் அதே சொல்தான்.

குழுவில் பொதுப்பணித்துறையில் இருந்தவர்கள் சிலர் உண்டு. மதகு இயக்கும் லஸ்கர்கள் அந்தக் காலி இடத்துக்கு ஏதாவது பெயர் வைத்திருந்தால் எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என் சொல்லைத் தாராளமாகத் தூக்கிப் போட்டுவிடலாம்.