தொழில்முறை வீரர் ஒருவர் நண்பரானால் எப்படிப் பழகுவது?

பின்வரிசை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம், இங்கே கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

நான் போகும் ஜிம்முக்கு டென்னிஸ் வீரர் ஒருவரும் வருவார். டிவியில் அடிக்கடி வரும் அளவுக்குப் பெரிய பெயர் இல்லை, உலகத் தரவரிசையில் முந்நூறுக்குப் பக்கத்தில் இருக்கிறார், ஆனால் முழுநேரப் பிழைப்பே அதுதான். தொடையில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்துகொண்டிருந்தார், எனக்கும் முழங்கால் தொந்தரவு உண்டு என்பதால் அது எதற்கு என்று கேட்டேன், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அப்படியே பழக்கமாகி, இப்போது அவர் ஊரில் இருந்தால் ஒன்றாகப் பயிற்சி செய்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளம்புவோம். சினிமா, குடும்பம், கடன் எல்லாம் பேசுவோம்.

ஆனால் போட்டிக்குப் போய்விட்டால் வேறு ஆளாகிவிடுகிறார். ஒருமுறை தோற்ற அன்று ராத்திரி "பரவாயில்லை, அடுத்த தடவை ஜெயிச்சிடலாம்" என்று வாட்ஸப்பில் அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் வரவே இல்லை. திரும்பி வந்ததும் எதுவும் நடக்காததுபோல் வழக்கம்போலப் பேசுகிறார். இன்னொரு நாள் அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, என் பையில் இருந்த சளி மாத்திரையை நீட்டினேன். பாம்பைப் பார்த்த மாதிரி கையை இழுத்துக்கொண்டார். சுருக்கென்று இருந்தது. அப்புறம் என் அலுவலகத்தில் இந்தப் பழக்கம் தெரிந்ததிலிருந்து, டிக்கெட் கிடைக்குமா, அவர் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

அவர் நல்ல மனிதர். வீரர் என்பதற்காக மட்டும் ஒட்டிக்கொண்டவனாக அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இப்படிப்பட்டவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

தசைநார் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், சில வருடங்கள் தடகள அணி ஒன்றோடு வேலை பார்த்தவன். மாத்திரை விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் வருத்தப்பட ஒன்றுமே இல்லை, அவர் உங்களை அவமதிக்கவும் இல்லை.

ஊக்கமருந்து விதிகளின் அடிப்படை ரொம்ப எளிமையானது, ரொம்பக் கொடூரமானதும்கூட: உடம்புக்குள் எது இருந்தாலும் அதற்கு வீரர்தான் பொறுப்பு. யார் கொடுத்தது, தெரிந்து சாப்பிட்டாரா தெரியாமல் சாப்பிட்டாரா என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்கலாம், ஆனால் பதக்கத்தைக் காப்பாற்றாது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆண்ட்ரியா ரடுகான் என்ற ருமேனியப் பெண், 16 வயது, ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வாங்கினார். அணியின் டாக்டரே சளிக்குக் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது, தங்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பெண் மீது தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பதக்கம் திரும்ப வரவில்லை. அதே மருந்து இன்றைக்கும் போட்டி நாட்களில் சிறுநீரில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தடைதான். நீங்கள் நீட்டியது சளி மாத்திரை! அவர் கையை இழுத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

இன்னொன்றும் சொல்கிறேன். டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் 2024 மார்ச்சில் இரண்டு முறை ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டினார், உடம்பில் குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டெராய்டு இருந்தது. அவருடைய பிசியோவுக்கு விரலில் வெட்டுக்காயம், அதற்கு அடித்த ஸ்பிரேயில் அந்த மருந்து இருந்தது, அதே கையோடு உறை போடாமல் மசாஜ் செய்திருக்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும், 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடையை ஏற்றுக்கொண்டார். உலகின் முதலிடத்தில் இருந்தவருக்கே ஒரு விரல் காயத்தால் இந்தக் கதி. இதைப் படித்த நாளிலிருந்து நான் என் கையில் எது தடவினாலும் டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல் தடவுவதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது: மருந்து, புரோட்டீன் பொடி, நீங்கள் திறந்த தண்ணீர் பாட்டில், எதையும் நீட்டாதீர்கள். தன் பாட்டிலையே சற்று நேரம் வைத்துவிட்டுப் போய்வந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகத் திறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடியவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லுங்கள், அது போதும்.

---

இரட்டையர்_கோடு எழுதியது:

நானும் கீழ்மட்டச் சுற்றில் சில வருடங்கள் டென்னிஸ் ஆடிவிட்டு விட்டவன். அந்த மெசேஜைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 32 பேர் ஆடும் போட்டி என்றால் அந்த வாரம் 31 பேர் தோற்றுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். முந்நூறாவது இடத்தில் இருப்பவர் வருடத்தில் ஏதாவது ஒரு பட்டம் வென்றால் அதுவே நல்ல வருடம், மற்ற எல்லா வாரமும் தோல்வியில்தான் முடியும். கடைசி மட்டப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர், அதைத்தான் அத்தனை பேரும் பிரித்துக்கொள்ளவேண்டும், முதல் சுற்றில் வெளியேறினால் விமானச் செலவுக்குக்கூடக் காணாது. தோற்ற ராத்திரி அந்த ஆள் ஓட்டல் அறையில் உட்கார்ந்து டிக்கெட் தேதியை மாற்றிக்கொண்டிருப்பார், அடுத்த ஊரில் தகுதிச்சுற்றுக்குப் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார், கோச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் "அடுத்த தடவை ஜெயிச்சிடலாம்" என்று வந்தால் அதற்கு என்ன பதில் எழுதுவது? நன்றி என்று எழுதக்கூடக் கை வராது. எனக்கு வந்ததில்லை.

கூடவே, தோற்றவுடன் போனில் வந்து குவிவது ஆறுதல் மட்டுமல்ல. பந்தயம் கட்டி இழந்தவர்கள் வண்டி வண்டியாகத் திட்டுவார்கள், அம்மாவையும் விடமாட்டார்கள். பெண்கள் டென்னிஸ் சங்கமும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் 458 வீரர்களுக்குச் சுமார் 8,000 வசைப் பதிவுகள் போயிருக்கின்றன, அவற்றில் 40 சதவீதம் பணத்தை விட்ட சூதாடிகளிடமிருந்து வந்தவை. அதனால் பலர் போட்டி முடிந்ததும் போனையே மூடிவைத்துவிடுவார்கள். உங்கள் மெசேஜ் அந்தக் குப்பைக்கு நடுவில்தான் போய் விழுந்திருக்கும்.

நான் ஆடிய காலத்தில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? என் நண்பன் ஒருவன் ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டான். அவன் வீட்டு நாய் செருப்பைக் கடித்துவைத்த போட்டோ அனுப்புவான். அதற்கு மட்டும் உடனே பதில் போடுவேன். தோல்வியைப் பற்றிப் பேச எனக்குக் கோச் இருந்தார், அப்பா இருந்தார். வேறு எதையாவது பேச அவன் ஒருவன்தான் இருந்தான்.

---

எல்லைக்கோடு எழுதியது:

என் பள்ளித் தோழன் தொழில்முறை கிரிக்கெட் ஆடுகிறான், அதனால் உங்கள் அலுவலகக் கதையைப் படித்ததும் எனக்குப் பதறியது. டிக்கெட் கேட்பது தொல்லை, அவ்வளவுதான். வீரருக்குக் கிடைப்பதே சில இலவச டிக்கெட்டுகள், அது வீட்டாருக்கே போதாது, ஆகவே "என்னால் கேட்க முடியாது" என்று ஒரே தடவை கறாராகச் சொல்லிவிடுங்கள், அதோடு முடிந்துவிடும்.

ஆனால் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது அப்படியில்லை, தயவுசெய்து அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காயம், ஆடுவாரா மாட்டாரா என்பதெல்லாம் பந்தயக்காரர்களுக்குக் காசு. வெளியே தெரியாத அந்தத் தகவலை உள்தகவல் என்று விதிகளே சொல்கின்றன, கிரிக்கெட்டிலும் உண்டு, டென்னிஸிலும் உண்டு. உங்கள் சக ஊழியர் வெள்ளந்தியாகவே கேட்கலாம், அவர் மச்சான் யாரென்று உங்களுக்குத் தெரியாதே.

வங்கதேச கிரிக்கெட் வீரர் ஷாகிப் அல் ஹசன் கதை நினைவிருக்கிறதா? 2019 அக்டோபரில் ஐசிசி இரண்டு வருடத் தடை போட்டது, அதில் ஒரு வருடம் நிறுத்திவைக்கப்பட்டது. அவர் பணம் வாங்கவில்லை, ஆட்டத்தில் எதுவும் செய்யவில்லை. சூதாட்டத் தரகர் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவர் வாட்ஸப்பில் உள்தகவல் கேட்டதை அதிகாரிகளிடம் சொல்லாமல் விட்டார், அதற்குத்தான் தண்டனை. அந்த ஆளுக்கு ஷாகிப்பின் நம்பர் எப்படிப் போனது என்றால், ஷாகிப்புக்குத் தெரிந்த ஒருவர்தான் கொடுத்திருக்கிறார். ஒரு போன் நம்பர்! அதைப் படித்த பிறகு நான் என் தோழனின் நம்பரைப் போனில் வேறு பெயரில் மாற்றி வைத்துக்கொண்டேன், யார் கேட்டாலும் கொடுப்பதில்லை, என் சொந்த அண்ணன் கேட்டபோதும் கொடுக்கவில்லை, அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, இருக்கட்டும்.

போட்டி நாளில் அவர்கள் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போன் கொண்டுபோகவே முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பதில் வரவில்லை என்று மனதில் எதையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

---

நெடுந்தூரம் எழுதியது:

இரட்டையர்_கோடு சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. நான் ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருத்தியோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவள். விளையாட்டைப் பற்றிப் பேசாமலே இருப்பதும் அவர்களுக்கு ஒரு தனிமைதான்.

அவள் ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருந்தாள், அதாவது அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாதிரி எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே, தினமும் எங்கே இருப்பேன் என்று எழுதிக்கொடுக்கவேண்டும், காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் ஒரு மணி நேரத்தைக் குறித்து அந்த நேரத்தில் சொன்ன இடத்தில் கட்டாயம் இருக்கவேண்டும். 12 மாதத்தில் மூன்று தடவை தவறினால் தடை. 100 மீட்டர் உலகச் சாம்பியன் கிறிஸ்டியன் கோல்மன் 2019 டிசம்பரில் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அதிகாரி வந்துபோனார், அது மூன்றாவது தடவை, டோக்கியோ ஒலிம்பிக்கே போனது. என் தோழி காலை ஐந்திலிருந்து ஆறு என்று போட்டு வைத்திருந்தாள், தூங்கும் நேரம் என்பதால் வீட்டில்தான் இருப்போம் என்ற கணக்கு. அலாரம் வைத்து எழுந்து, கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு, சோபாவில் கால்மேல் கால் போட்டு ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பாள், மணி அடித்தால் மாதிரி கொடுக்கவேண்டுமே. யாரும் வராத நாட்கள்தான் அதிகம். இதையெல்லாம் வெளியில் யாரிடமும் சொல்லமாட்டாள், சொன்னால் புரியாது என்பாள். நானாகக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் கொட்டினாள்.

பிறகு காலில் அழுத்த எலும்பு முறிவு வந்தது, ஓடி ஓடியே எலும்பில் விழும் விரிசல் அது. அதுவரை வாழ்த்தும் ஹார்ட்டுமாக வந்துகொண்டிருந்த போன் அப்படியே அடங்கிப்போனது. இங்கேதான் நண்பர்கள் வேண்டும். உயரம் தாண்டும் பார்ஷிமும் தம்பேரியும் டோக்கியோவில் 2.37 மீட்டரில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன் நடந்தது. 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரம் இருக்கும்போது தம்பேரிக்குக் கணுக்கால் போனது. 2017இல் திரும்பி வந்து பாரிஸில் மோசமாகத் தாண்டிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரையும் பார்க்கமாட்டேன் என்று இருந்தபோது, பார்ஷிம் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். போ என்றபோதும் போகவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, அவசரப்படாதே என்று விளையாட்டைப் பற்றியேதான் பேசியிருக்கிறார்.

ஆகவே நாய் போட்டோவும் அனுப்புங்கள், கதவும் தட்டுங்கள். எது எப்போது என்பது பழகப் பழகத் தெரியும். காயம் பட்ட மாதங்களில் காணாமல் மட்டும் போய்விடாதீர்கள்.

---

பின்வரிசை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரை விஷயம் இப்போதுதான் புரிகிறது, மனதில் இருந்த சுருக்கும் போய்விட்டது. அலுவலகத்தில் இனி முழங்காலைப் பற்றி வாயே திறக்கப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் பக்கத்திலேயே ஒரு போட்டி, வாங்களேன் என்று அவரே கூப்பிட்டிருக்கிறார். போய் எங்கே உட்காருவது, என்ன செய்வது?

---

இரட்டையர்_கோடு எழுதியது:

அவரிடமே முன்னாலேயே கேட்டுவிடுங்கள், கண்ணில் படுகிற மாதிரி உட்காரவா, தள்ளி உட்காரவா என்று. சிலருக்குத் தெரிந்த முகம் தெரிந்தால் தெம்பு வரும், எனக்கெல்லாம் கவனம் போய்விடும். சர்வீஸ் போடும்போது எழுந்து நடக்காதீர்கள், எதிராளியின் தப்புக்குக் கை தட்டாதீர்கள், ஆடும்போது இப்படி அடி அப்படி அடி என்று குரல் கொடுக்காதீர்கள்.

முடிந்ததும் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டாம். உடம்பைத் தளர்த்துவது, குளியல், பிசியோ என்று எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஜெயித்தால் இன்னும் கூடவே ஆகும். வெளியே இருக்கிறேன், அவசரமில்லை என்று ஒரு வரி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருங்கள். வந்தால் வருவார், இல்லையென்றால் ஜிம்மில் பார்த்துக்கொள்ளலாம்.

நெடுந்தூரம் சொன்னது சரிதான், நான் ஆட்டத்தை விட்ட வருடத்தில் எனக்கு வந்த அழைப்புகளை இரண்டு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம்.