உதவி: அரசின் நிதிக் கெடு தவறியதால் வேலை நின்றுவிட்டது, சம்பளமும் விசாவும் என்ன ஆகும்?

கரையோரம்:
செப்டம்பர் 30 நள்ளிரவுக்குள் அமெரிக்கக் காங்கிரஸ் நிதி ஒதுக்காததால், நான் வேலை பார்க்கும் மத்திய அரசுத் துறையின் அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. சம்பளம் இல்லாவிட்டாலும் பாதியில் நிற்கும் வேலையை வீட்டிலிருந்தே முடித்துத் தருகிறேன் என்று துறை மேலாளருக்கு எழுதினேன். அது சட்டவிரோதம், மடிக்கணினியைத் திறக்கவே வேண்டாம் என்று பதில் வந்தது. இந்த நாட்களின் சம்பளம் பின்னால் கிடைக்குமா, விசாவுக்குச் சிக்கல் வருமா? நாளைக்குள் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியிருப்பதால் விரைந்து சொல்லுங்கள்.

நெய்தல்:
கவலை வேண்டாம். 2019 ஜனவரியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, முடக்கம் நீங்கியதும் நிலுவைச் சம்பளம் முழுவதும் வந்துவிடும்.

கோப்புக்கட்டு:
அந்தச் சட்டம் அரசின் நேரடி ஊழியர்களுக்கு மட்டுமே உரியது. விசாவில் இருப்பவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாகத்தான் இருப்பார். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் நீடித்த முடக்கத்தில் நேரடி ஊழியர்களுக்கு நிலுவை கிடைத்தது, அவர்களோடு அதே அறையில் அமர்ந்து வேலை பார்த்த ஒப்பந்தப் பணியாளர்களுக்கு அரசு எதையும் ஈடுசெய்யவில்லை. கரையோரம், உங்களுக்குச் சம்பளம் தருவது யார்? எந்த விசா? படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வடக்குவாசல்:
எச்-1பி என்றால் வேலை நின்ற நாளிலிருந்தே, வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ தரப்படும் 60 நாள் சலுகைக் காலம் ஓடத் தொடங்கிவிடும். உடனே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள்.

சட்டப்புள்ளி:
இந்தக் குழுவில் இதையே பலமுறை விளக்கியிருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இங்கே எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த 60 நாள் என்பது வேலையே முடிந்துபோனவருக்கு உரியது, வேலை தற்காலிகமாக நிற்பவருக்கு அல்ல. மேலும், வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் தொழிலாளர் துறை சான்றளித்த எல்சிஏ, அதாவது ஊழியரின் சம்பளம், பணிநிலை பற்றி நிறுவனம் உறுதியளிக்கும் விண்ணப்பம், வேண்டும். அத்துறையின் விண்ணப்பப் பிரிவும் இப்போது இதே நிதி இல்லாமல்தான் மூடிக்கிடக்கிறது. குடிவரவுத் துறை பெரும்பாலும் கட்டண வருவாயில் இயங்குவதால் திறந்திருக்கிறது என்றாலும், எல்சிஏ கையில் இல்லாதவரின் மனுவை அது ஏற்காது. ஏற்கெனவே சான்று பெற்றிருந்தால் மட்டும் மாற்றம் நடக்கும்.

நெய்தல்:
ஒருவர் இலவசமாக உழைக்க முன்வருவதைக்கூடச் சட்டவிரோதம் என்று சொல்வது விந்தையாக இருக்கிறது. மேலாளர் தட்டிக்கழிக்கிறார் என்றே நினைக்கிறேன்.

கோப்புக்கட்டு:
இல்லை. நிதி ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்வதையும், உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தான அவசரநிலை தவிர மற்ற நேரங்களில் இலவச உழைப்பைப் பெறுவதையும் ஆன்டிடெஃபிஷியன்சி சட்டம் தடுக்கிறது. இன்று இலவசமாக வாங்கிய உழைப்புக்கு நாளை கூலி கேட்டுக் காங்கிரஸின் கையை முறுக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். தெரிந்தே மீறும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமிருப்பதால் அந்த மேலாளர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

வடக்குவாசல்:
அந்தத் தடை 1884-லிருந்தே இருக்கிறது. ஆகவே கெடு தவறினால் கதவடைப்பு என்பதும் அன்று முதல் வந்த வழக்கம்தான்.

சட்டப்புள்ளி:
வரலாறு தெரியாமல் எழுதக் கூடாது. 1980-க்கு முன்பு கெடு தவறியபோதெல்லாம், காங்கிரஸ் எப்படியும் பணம் தந்துவிடும் என்ற நம்பிக்கையில் செலவைச் சுருக்கிக்கொண்டு துறைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஆண்டு அரசுத் தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தின் சொற்களுக்கு நேர்ப்பொருள் கொண்டால் துறைகள் பணியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கருத்துரை தந்த பிறகுதான் கதவுகள் மூடத் தொடங்கின.

வடக்குவாசல்:
ஒரு வழக்கறிஞரின் கருத்துரை சட்டமாகிவிடுமா? தடை ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது, அவர் அதைச் சுட்டிக்காட்டினார், அவ்வளவுதான்.

சட்டப்புள்ளி:
நூறாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாத தடை என்கிறீர்களா?

கரையோரம்:
மன்னிக்கவும், வெளியே சென்றிருந்தேன். விசா எச்-1பி, சம்பளம் தருவது ஒப்பந்த நிறுவனம். படிவத்தில், 'என் சொந்த விருப்பத்தின் பேரிலும் வசதிக்காகவும் சம்பளமில்லா விடுப்புக் கோருகிறேன்' என்று அச்சிட்டிருக்கிறது. முடிவுத் தேதி இல்லை.

கோப்புக்கட்டு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை ஊகங்களுக்கு வேலை இருந்திருக்காது. கையெழுத்திடாதீர்கள். எச்-1பி ஊழியருக்குக் கொடுக்க வேலை இல்லாமல் போனாலும், எல்சிஏயில் உறுதியளித்த சம்பளத்தை நிறுவனம் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும். அரசு வாடிக்கையாளரிடமிருந்து பணம் வரவில்லை என்பது அதற்கு விலக்கு ஆகாது. ஊழியர் தாமாகவே, தம் சொந்தக் காரணத்துக்காக விடுப்புக் கேட்டால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடும், அந்த வரி அங்கே அச்சாகியிருப்பது அதற்காகத்தான். அல்லது நிறுவனம் உங்களை முறைப்படி வேலைநீக்கம் செய்து குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டும். அப்போதுதான் வடக்குவாசல் சொன்ன 60 நாள் கணக்கு வரும். நான் வேலைக்கு ஆயத்தமாகவே இருக்கிறேன் என்று மனிதவளப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைத் தனி முகவரியிலும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் நின்றால் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் டபிள்யூஎச்-4 படிவத்தின் வழியாக 12 மாதங்களுக்குள் முறையிடலாம். ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் படிவத்தைக் காட்டிவிடுங்கள்.

நெய்தல்:
கையெழுத்திட மறுத்தால் வேலையையே எடுத்துவிட மாட்டார்களா?

கோப்புக்கட்டு:
எடுக்கக்கூடும், அந்த ஆபத்தை மறைப்பதற்கில்லை. ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத மாதங்களை அடுத்த விசா நீட்டிப்பின்போது விளக்க வேண்டியவரும் இவர்தான்.

கரையோரம்:
படிவத்தை அனுப்பவில்லை. நீங்கள் சொன்னபடி மின்னஞ்சல் அனுப்பினேன். வேறு பணி கிடைக்கும் வரை உள் பயிற்சியில் வைத்துச் சம்பளம் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. நன்றி.

வடக்குவாசல்:
சட்டப்புள்ளி, 1980 பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.