காவலூரில் தெரியாத வளையம்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குச் செல்லும் சாலையில் காவலூர் இருக்கிறது. 2025 டிசம்பரில், மார்கழி அமாவாசையை ஒட்டி வந்த சனிக்கிழமையன்று, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளை அங்குள்ள வைனு பாப்பு வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றேன். சனிக்கோளின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு மாதமாகவே அவளுக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன். யோசிக்காமல் கொடுத்த வாக்கு அது.

பகலில், 1986-இல் திறக்கப்பட்ட 93 அங்குலத் தொலைநோக்கியைப் பார்த்தோம். அதில் யாரும் கண் வைத்துப் பார்ப்பதில்லை, ஒளியைக் கருவிகளே பதிவு செய்கின்றன என்று தெரிந்ததும் அவள் முகம் வாடியது. பொதுமக்கள் பார்ப்பதற்கென்று இருப்பது ஆறு அங்குலத் தொலைநோக்கிதான். இருட்டிய பிறகு அதன் முன் வரிசையில் நின்றோம். பருவமழையின் மிச்சமாக வந்த மேகம் முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டு விலகியது.

"பந்துல ஊசி குத்துன மாதிரி இருக்குப்பா. வளையம் எங்க?" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். சனி சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன என்றும், அதற்குள் இருமுறை வளையம் நமக்கு விளிம்பை மட்டுமே காட்டும்படி அமைகிறது என்றும், கடந்த மார்ச்சில் அப்படி நேர்ந்ததால் இப்போதும் அது கோடாகவே தெரிகிறது என்றும் அங்கிருந்த ஊழியர் விளக்கினார். முக்கிய வளையங்களின் குறுக்களவு சுமார் 2,80,000 கிலோமீட்டர். தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். புறப்படுமுன் இதைப் படித்திருக்க வேண்டியவன் நான்.

மகளைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, அவர் இருட்டில் வேறொரு பக்கமாகக் கை நீட்டி, அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியின் கதையைச் சொன்னார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போவதை எதிர்பார்த்துக் காவலூரிலும் காத்திருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. பறக்கும் விமானத்திலிருந்து கவனித்த அமெரிக்கக் குழுவினரும் இத்தகைய மங்கல்களைக் கண்டார்கள். அவை யுரேனஸின் வளையங்களால் ஏற்பட்டவை என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த வளையத்தை அன்று எவரும் கண்ணால் பார்க்கவில்லை.

அன்றிரவு யுரேனஸ், கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, கிட்டத்தட்ட எங்கள் உச்சிக்கு மேலேயே இருந்தது. ஊழியர் தொலைநோக்கியை அதன்பக்கம் திருப்பினார். நீலமும் பச்சையும் கலந்த ஒரு பொட்டு, அவ்வளவுதான். சனியை அரை நிமிடத்தில் விட்டுவிட்டு வந்தவள், இதை விட்டு நகர மறுத்தாள்; பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகே விலகினாள். விலகியவள் நேராக வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றுகொண்டாள்.