நடுத்தெரு வீட்டுக் குழு: காசுமாலை யாரிடம்?

சனிக்கிழமை காலை 7:10

வசந்தா அத்தை: கவிதா வளைகாப்புக்கு இன்னும் பதினொரு நாள்தான். அம்மாவின் காசுமாலையை யார் எடுத்துவருகிறீர்கள்? மெருகு போட வேண்டும். மன்னார்குடி ஆசாரி ஒரு வாரம் கேட்கிறார்.

ராஜு பெரியப்பா: காலை வணக்கம். [தாமரைப் படம்]

வசந்தா அத்தை: பூ வேண்டாம் அண்ணா. மாலை.

ராஜு பெரியப்பா: லாக்கரில் இருக்கும். சாவி கலியனிடம்.

அப்பா: ஆமாம், கலியனிடம்தான்.

வசந்தா அத்தை: கலியா?

வசந்தா அத்தை: கலியமூர்த்தி, நீலக் குறி விழுந்துவிட்டது.

முத்து மாமா: சமையல்காரர் கேட்கிறார், 150 இலையா 200 இலையா? ஏழு வகைச் சாதம் என்றால் கூலி தனியாம்.

ஜெயந்தி சித்தி: 150 போதும் அண்ணா.

வசந்தா அத்தை: ஜெயந்தி, இருக்கிறாயா! மாலை எங்கே?

ஜெயந்தி சித்தி: அவர் வயலுக்குப் போயிருக்கிறார் அண்ணி. வந்து சொல்வார்.

முத்து மாமா: அறுத்துப் போட்ட வயலில் என்ன வேலை?

வசந்தா அத்தை: [குரல் பதிவு 1:12]

குமார்: அத்தை, போதும். மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. [படம்] [படம்]

குமார்: முதலாவது நேற்று வந்த நோட்டீஸ். இரண்டாவது பழைய அடகுச் சீட்டு. அம்மா எனக்கு அனுப்பியது.

அப்பா: ஏலமா?

ராஜு பெரியப்பா: எழுத்து பொடியாக இருக்கிறது. யாராவது படித்துச் சொல்லுங்கள்.

நான்: எடை 72 கிராம். கடன் 3,00,000. இப்போது கட்ட வேண்டியது 3,60,000. இருபது நாள் கெடு.

வசந்தா அத்தை: ஒன்பது பவுன். அம்மாவுக்குத் தெரியுமா?

ஜெயந்தி சித்தி: தெரியாது அண்ணி. சொல்ல வேண்டாம். இரண்டு நாளாகக் கால் வீக்கம் வேறு.

ராஜு பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். 31 வருடம் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவன் சொல்கிறேன். 'இரண்டு வட்டி' என்று வாயால் சொல்லும்போது இரண்டே ரூபாய் போலத்தான் காதில் விழும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 3 லட்சத்துக்கு மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. சீட்டைப் பார்த்தால், முதல் வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்திருக்கிறான். 72,000 போனது, அசல் அப்படியே நிற்கிறது. அதன் பிறகு பத்து மாதம் கட்டவில்லை, அதுதான் அந்த 60,000. அடுத்தது, ஏலம் என்றதும் பதற வேண்டாம். நோட்டீஸ் கொடுத்து, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்துதான் ஏலம் போட முடியும். கடனும் செலவும் போக மிச்சம் நம்முடையது. மூன்றாவது, பெரியம்மா காபி ஆறுகிறது என்கிறாள், குடித்துவிட்டு எழுதுகிறேன்.

முத்து மாமா: அப்படியானால் 150 என்று சொல்லிவிடட்டுமா?

வசந்தா அத்தை: அண்ணன் கணக்கில் புலிதான். மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அன்று மட்டும் இந்தக் கணக்கெல்லாம் எங்கே போயிருந்ததோ.

சரோஜா பெரியம்மா: வசந்தா, அதை ஏன் இங்கே இழுக்கிறாய்?

ராஜு பெரியப்பா: அவள் சொல்வது உண்மைதான். சட்டப்படி வாங்கினவன் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன்காரன் பொறுப்பும் அவ்வளவு. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என் பணிக்கொடையில் பாதி அதற்குத்தான் போனது.

சரோஜா பெரியம்மா: நீங்களுமா?

காலை 9:25

கலியன் சித்தப்பா: எல்லாம் படித்தேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். 2024இல் ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டிய மேட்டூரை ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். நம் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது, குறுவை போடவில்லை. ஆவணியில் கல்யாணம் வைத்தாகிவிட்டது. நகைக்கடன் நிறுவனத்தில் அரை மணி நேரத்தில் பணம் கையில் வந்தது. வேறு யார் தருவார்கள்?

ராஜு பெரியப்பா: கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கலாமே. தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது.

கலியன் சித்தப்பா: பட்டா யார் பெயரில் இருக்கிறது அண்ணா?

கலியன் சித்தப்பா: இன்னும் அப்பா பெயரில்தான். சங்கத்தில் மற்ற வாரிசுகளின் கையெழுத்தைக் கேட்டார்கள். பாகப்பிரிவினைக்கு மூன்று தடவை நாள் பார்த்தோம். ஒரு தடவை சேகர் அண்ணனுக்கு லீவு இல்லை. ஒரு தடவை உங்களுக்கு முதுகுவலி. மூன்றாவது தடவை அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றது.

வசந்தா அத்தை: எனக்கும் பங்கு உண்டு என்று கேட்டால் அதற்குப் பெயர் யோசிப்பதா? கேட்டதிலிருந்து பொங்கல் சீர்கூட நின்றுவிட்டது.

முத்து மாமா: வசந்தா, பிறகு.

வசந்தா அத்தை: நீங்கள் இலையைப் பாருங்கள்.

அப்பா: கலியா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கலியன் சித்தப்பா: நீங்களே வீட்டுக்கடனில் மூச்சுத் திணறுகிறீர்கள்.

அப்பா: அதெல்லாம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. 20 வருடத்தில் 10 வருடம் கட்டிவிட்டேன்.

நான்: அப்பா, முடியவில்லை. 20 லட்சம், 9 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை 17,995. முதல் தவணையில் 15,000 வட்டிக்கே போனது, அசலுக்கு 2,995. இந்தப் பத்து வருடத்தில் ஏறக்குறைய 21 லட்சத்து 59 ஆயிரம் கட்டியிருக்கிறீர்கள். வட்டி மாறாமல் இருந்திருந்தாலும் அசலில் இன்னும் 14 லட்சத்து 20 ஆயிரம் பாக்கி.

அப்பா: யார் சொன்னது?

நான்: கணக்கு.

அப்பா: வங்கிக்காரர் இப்படிச் சொல்லவே இல்லையே.

ராஜு பெரியப்பா: கேட்டிருக்க மாட்டாய். மூன்றாவது இதுதான், எந்தக் கடனுக்கும் அட்டவணையை...

அப்பா: அண்ணா, கொஞ்சம் இருங்கள். 14 லட்சமா?

நான்: மாறும் வட்டிக் கடன்தானே. கையில் மிச்சம் வரும்போது அசலில் கட்டலாம், அபராதம் கிடையாது. போன தீபாவளி போனஸ் சோபாவாக உட்கார்ந்திருக்கிறது.

அப்பா: அதை உன் அம்மாவிடம் சொல்.

அம்மா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலை 10:40

கவிதா: அந்த இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கவிதா: அடகு வைத்த தேதி என் கல்யாணத்துக்கு மறுநாள். அன்று காலையில்தானே கழற்றிக் கொடுத்தேன். கழுத்து உறுத்துகிறது என்று சொன்னேன். நீங்கள் உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டீர்கள் அப்பா.

குமார்: மண்டபப் பாக்கி.

ஜெயந்தி சித்தி: கவிதா, இந்த நேரத்தில் நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

கவிதா: எனக்கு மாலை இல்லாவிட்டால் பரவாயில்லை.

வசந்தா அத்தை: இந்த வீட்டுப் பெண்களுக்கு வளைகாப்பென்றால் அந்த மாலைதான். கவரிங் போட்டு உட்கார்ந்தால் உன் மாமியார் வீட்டில் எண்ணிப் பார்ப்பார்கள்.

ராஜு பெரியப்பா: வழி சொல்கிறேன். தங்கம் விலை ஏறியிருக்கிறது. இன்றைக்கு அந்த மாலையின் மதிப்பு கடனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். யாராவது கைமாற்றாக 3,60,000 போட்டு மீட்டால், விழா முடிந்ததும் வங்கியில் வைக்கலாம். 9 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 32,400. இப்போதைய வட்டியில் 86,400. வித்தியாசம் 54,000. அது ஒரு வருடத்து உரச் செலவு.

குமார்: என்னிடம் 40,000 இருக்கிறது.

அப்பா: ஒரு லட்சம் பார்க்கிறேன். 14 லட்சத்தை நினைத்தால் கை நடுங்குகிறது, இருந்தாலும்.

வசந்தா அத்தை: என் சீட்டு இந்த மாதம் விழுகிறது. ஒன்றரை லட்சம் தருகிறேன். ஆனால் மீட்ட மாலை என்னிடம் இருக்கட்டும்.

கலியன் சித்தப்பா: அக்கா, அது அம்மாவின் மாலை.

வசந்தா அத்தை: லாக்கரில் இருக்கிறது என்று நீ சொன்ன மாலை.

ராஜு பெரியப்பா: மிச்சம் 70,000.

ராஜு பெரியப்பா: சரோஜாவைக் கேட்டுச் சொல்கிறேன்.

சரோஜா பெரியம்மா: ஜாமீன் கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கேட்கவில்லை.

முத்து மாமா: வளைகாப்புக்குத்தான் எல்லோரும் வருகிறோமே. அன்றைக்கே பாகப்பிரிவினையும் பேசிவிடலாமே?

வசந்தா அத்தை: நல்ல காரியத்தன்று வேண்டாம்.

கலியன் சித்தப்பா: பார்த்தீர்களா.

அப்பா: அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம். இந்தத் தடவை லீவு போடுகிறேன்.

ராஜு பெரியப்பா: தேதி?

காலை 11:30

ஜெயந்தி சித்தி: அண்ணி, உங்கள் குரல் பதிவைச் சத்தமாகப் போட்டுவிட்டேன். அத்தை திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ சொல்ல வேண்டுமாம். [குரல் பதிவு 0:38]

குமார்: எனக்குக் கேட்கவில்லை, பேருந்தில் இருக்கிறேன். யாராவது எழுதுங்கள்.

நான்: அப்பாயி சொல்வது: "மீட்டு வரும்போது காசை எண்ணி வாங்கு கலியா. நாற்பத்தொன்று. கொக்கிக்குப் பக்கத்துக் காசைக் கறுப்பு நூலால் கட்டியிருப்பேன், அதையும் பார். உன் அப்பா வைத்தபோது எண்ணாமல் வாங்கி வந்தார்."

வசந்தா அத்தை: நாற்பத்தொன்றா? நாற்பத்திரண்டு அல்லவா?

அப்பா: அப்பா எப்போது வைத்தார்?

ராஜு பெரியப்பா: நான் கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்ந்த வருடமாக இருக்கும்.

கலியன் சித்தப்பா: திங்கட்கிழமை காலை போகிறேன். குமார், நீயும் வா.

குமார்: லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

முத்து மாமா: சமையல்காரர் மறுபடி கூப்பிடுகிறார். 150ஆ, 200ஆ?

ஜெயந்தி சித்தி: 150.

வசந்தா அத்தை: 200.