ஜாவாவில் ஸ்டாக் எழுத லிங்க்டு லிஸ்ட்டை எக்ஸ்டெண்ட் செய்யலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். முதலாண்டில் சி மொழியில் ஸ்ட்ரக்ட், பாயிண்டர் ஆகியவற்றைக் கொண்டு தரவுக் கட்டமைப்புகளைப் படித்தேன். இப்போது அதே பாடத்தை ஜாவாவில் கிளாஸ்களாக எழுதச் சொல்கிறார்கள். ஓர் உறுப்பையும் அடுத்ததற்கான இணைப்பையும் வைத்திருக்கும் நோடு, அத்தகைய நோடுகளின் சங்கிலியான லிங்க்டு லிஸ்ட் என இரண்டு கிளாஸ்களை எழுதி முடித்துவிட்டேன். லிஸ்ட்டில் வேண்டிய மெதட்கள் ஏற்கெனவே இருப்பதால், அதை எக்ஸ்டெண்ட் செய்து (அதன் மெதட்களை அப்படியே பெறும் புதிய கிளாஸ் எழுதி) புஷ் (மேலே வைத்தல்), பாப் (மேலிருந்து எடுத்தல்) இரண்டையும் சேர்த்தால் ஸ்டாக் கிடைத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். இது சரியா? சியில் எழுதியதையே கிளாஸுக்குள் எடுத்து வைப்பதைத் தவிர, இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

மறுமொழி 1:
சரியன்று. ஜாவாவின் நூலகமே இதற்குச் சான்று. அதிலுள்ள பழைய ஸ்டாக் கிளாஸ், வெக்டார் என்ற பட்டியல் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது. ஆகவே ஆட் மெதடுக்கு இன்டெக்ஸ் 0 கொடுத்து ஸ்டாக்கின் அடியில் ஓர் உறுப்பைச் செருகினாலும் கம்பைலர் தடுக்காது. கடைசியில் வந்தது முதலில் வெளியேறும் என்ற உறுதிக்காகத்தான் ஸ்டாக்கையே நாடுகிறோம். அதை மீறும் வழிகள் இப்படி எக்ஸ்டெண்ட் செய்து பெறும் இன்ஹெரிட்டன்ஸ் மூலம் உள்ளே வந்துவிட்டன. இன்று ஜாவாவின் ஆவணமே இதற்குப் பதிலாக, இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் உதவும் டெக் (Deque) இன்டர்ஃபேஸை (ஒரு கிளாஸ் தர வேண்டிய மெதட்களின் பட்டியல்) பயன்படுத்தும்படி பரிந்துரைக்கிறது. உங்கள் ஸ்டாக்குக்குள் லிஸ்ட்டை ஒரு பிரைவேட் ஃபீல்டாக (வெளியிலிருந்து தொட முடியாதபடி) வைத்து, புஷ், பாப், பீக் (மேலுள்ளதை எடுக்காமல் பார்த்தல்) ஆகியவற்றை மட்டும் வெளியே காட்டுங்கள்.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு தரவு வகையை, அதன்மீது செய்யத்தக்க செயல்களே வரையறுக்கின்றன என்ற கருத்தை 1974இல் கணினி அறிவியலாளர்கள் பார்பரா லிஸ்கோவும் ஸ்டீஃபன் ஜில்ஸும் முன்வைத்தார்கள். உங்கள் லிஸ்ட்டில் ஹெட் (முதல் நோடு), டெயில் (கடைசி நோடு), சைஸ் (உறுப்புகளின் எண்ணிக்கை) என்று மூன்று ஃபீல்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரே ஓர் உறுப்பு எஞ்சியிருக்கும்போது அதை நீக்கினால் ஹெட் நல் (எதையும் சுட்டாதது) ஆகும். டெயிலையும் அப்போதே நல் ஆக்காவிட்டால், அடுத்துச் சேர்க்கும் உறுப்பு நீக்கப்பட்ட நோடின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். சைஸ் 1 என்று காட்டும், லிஸ்ட்டோ காலியாகத் தெரியும். ஃபீல்டுகளும் நோடு கிளாஸும் பிரைவேட்டாக இருந்தால், இத்தகைய பிழையை லிஸ்ட்டின் மெதட்களுக்குள் மட்டும் தேடினால் போதும். பாயிண்டர் யார் கையிலும் கிடைக்கும் சி நிரலில், முழு நிரலையும் அலச வேண்டியிருக்கும்.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கிளாஸ், ஒரு செயலுக்கு ஆகும் நேரச் செலவையும் சேர்த்தே மறைத்துவிடும். ஜாவாவின் அர்ரேலிஸ்ட், லிங்க்டுலிஸ்ட் இரண்டும் லிஸ்ட் இன்டர்ஃபேஸைச் செயல்படுத்துவதால், ஓர் இன்டெக்ஸில் உள்ள உறுப்பைப் பெற கெட் என்று அழைக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அர்ரேலிஸ்ட் நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். லிங்க்டுலிஸ்ட்டோ அருகிலுள்ள முனையிலிருந்து ஒவ்வொரு நோடாக நடந்துதான் போகும்; 1 லட்சம் உறுப்புகளை இன்டெக்ஸ் வைத்து ஒரு லூப்பில் படித்தால் ஏறத்தாழ 250 கோடி அடிகள் ஆகும். உறுப்புகளை வரிசையாக ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டர், தான் நின்ற நோடை நினைவில் வைத்திருப்பதால் அதே வேலையை 1 லட்சம் அடிகளில் முடித்துவிடும், நோடையும் வெளியே காட்டாது. ஆகவே ஸ்டாக்கை முடித்ததும் உங்கள் லிஸ்ட்டுக்கு ஓர் இட்டரேட்டரை நீங்களே எழுதுங்கள்.