பாகப்பிரிவினை வழக்கின் சட்டச் சொற்களை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

தாமிரபரணி:
தாத்தா வாங்கிய நிலத்தில் பங்கு கேட்டு என் அத்தை தொடுத்துள்ள வழக்கில், என் தந்தையைப் பிரதிவாதியாகக் குறிப்பிட்டுச் சார்பு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. வழக்கறிஞரை அமர்த்தி வக்காலத்தும் கொடுத்தாயிற்று. ஆயினும் அவர் பேச்சில் வரும் வழக்குரை, எழுவினா, தீர்ப்பாணை போன்ற சொற்கள் எங்களுக்குப் பிடிபடவில்லை. உடன் இணைத்துள்ள 1961ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரமோ அதைவிடக் கடினமாக இருக்கிறது. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நாங்களே அறியும் அளவுக்கு இச்சொற்களைக் கற்க வழி சொல்ல வேண்டுகிறேன்.

பழைய குமாஸ்தா:
அகராதியை அகர வரிசையில் புரட்டிப் பயனில்லை. வழக்குக் கட்டில் தாள்கள் சேரும் வரிசையிலேயே சொற்களைப் பழகுங்கள். வாதி தம் கோரிக்கையை எழுதித் தாக்கல் செய்வது வழக்குரை. மூத்தவர்கள் அதைப் பிராது என்பார்கள். அதில் கடைசியாக வரும் பரிகாரப் பகுதியையும் சொத்து விவரத்தையும் முதலில் படியுங்கள். நீதிமன்றத்திடம் உண்மையில் என்ன கேட்கப்படுகிறது என்பது அங்கேதான் இருக்கும்.

அதற்கு உங்கள் தந்தை தரும் பதில் எதிர்வழக்குரை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை அனுமதிக்கலாம். வாய்தா அன்று உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக நடக்கும் என்பதால், ‘ஒருதலைப்பட்சம்’ என்ற இந்த ஒரு சொல்லை மட்டும் எந்த ஆவணத்தில் கண்டாலும் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இரு தரப்பு உரைகளும் வந்தபின், தகராறில் உள்ள விஷயங்களை நீதிபதி கேள்விகளாக வகுப்பார், "தாவா சொத்தில் வாதிக்குப் பங்கு உண்டா?" என்பது போன்ற அந்தக் கேள்விகளே எழுவினாக்கள். தாவா என்றால் வழக்கு. பிறகு சாட்சியம். வா.சா.1 என்றால் வாதி தரப்பு முதல் சாட்சி, வா.சா.ஆ.1 என்றால் அத்தரப்பின் முதல் சான்றாவணம்.

ஆவண எழுத்தர்:
பழைய பத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "ஷை" என்பது மேற்படி. சுவாதீனம் என்பது அனுபவத்தில் வைத்திருத்தல். பாத்தியம் என்பது உரிமை. பலரும் தடுமாறுவது செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில். "ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால், நிலம் ஓடைக்குக் கிழக்கே இருக்கிறது; ஆகவே ஓடை உங்கள் மேற்கு எல்லை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பக்கத்து வயலில் நின்று அளப்பவர்கள் உண்டு.

உங்கள் வழக்குக்கு இதைவிட முக்கியமானது விடுதலைப் பத்திரம். கூட்டுச் சொத்தில் தமக்குள்ள பங்கை ஒருவர் மற்றப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது அது. உங்கள் அத்தை அப்படி ஏதேனும் பதிவு செய்து கொடுத்திருக்கிறாரா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும்; வீட்டில் எழுதி வைத்துக்கொண்ட தாள் வராது.

நெல்லை வழக்கறிஞர்:
குமாஸ்தா ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். தீர்ப்புரையில் காரணங்கள் இருக்கும். முடிவான ஆணையைத் தனியே வரைவது தீர்ப்பாணை. பாகப்பிரிவினையில் பொதுவாக இது இரண்டு கட்டமாக வரும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதனிலைத் தீர்ப்பாணை சொல்லும். அதன்பின் இறுதித் தீர்ப்பாணைக்கு மனுச் செய்ய, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் நிலத்தை அளந்து பிரிக்கும் விதத்தை அறிக்கையாகத் தருவார். எனவே "தீர்ப்பாகிவிட்டது" என்று யாரேனும் சொன்னால், எந்தத் தீர்ப்பாணை என்று கேளுங்கள்.

மேல்முறையீடு உயர் நீதிமன்றம் வரை சென்றால், அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி அங்கே நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், இதே சொற்களின் ஆங்கில வடிவங்களும் அப்போது தேவைப்படும்.

தாமிரபரணி:
மூவருக்கும் நன்றி. பரிகாரப் பகுதியைப் படித்தேன். பங்கு கோரியதுடன், சொத்தை விற்காமலிருக்க "நிரந்தர உறுத்துக்கட்டளை" என்றும் கேட்டிருக்கிறார்கள். இப்போதே விற்பனைக்குத் தடை இருக்கிறது என்று பொருளா?

நெல்லை வழக்கறிஞர்:
இல்லை. அது வழக்கின் முடிவில் கிடைக்கக்கூடிய தடை. வழக்கு நடக்கும் காலத்துக்கான தடையைத் தனியே இடைக்கால மனுவில் கேட்பார்கள். அழைப்பாணையுடன் அப்படியொரு மனுவின் நகலும் ஆணையுறுதி ஆவணமும் (உண்மை என்று உறுதிமொழி கூறி எழுதித் தரும் வாக்குமூலம்) இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அதற்கு எதிருரை தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும்.